பத்தொன்பது மில்லிமீற்றரில் ஒரு காம்பரா

என் சின்னம்மாவின் வீட்டை ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருமடங்கு பெரிதாக்கிக் கொடுத்தவன் நான். அதன் பயனாக, அவருக்குக் கிடைக்கவிருந்த புதிய வீடு கிடைக்காமல் போகப் பார்த்தது. சமூக அக்கறையும் பல்கலைக்கழகப் பட்டமும் ஒருங்கே வாய்த்த ஒருவரால்தான் இவ்வளவு குறைந்த முயற்சியில் இவ்வளவு பெரிய சேதத்தை விளைவிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

சின்னம்மா நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தின் நான்காவது காம்பராவில் இருக்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒற்றை அறை. முன்னால், அங்கே இஸ்தோப்பு என்று சொல்லப்படும் ஒடுங்கிய விறாந்தை. பின்னால், தகரம் சாய்த்த சமையலிடம். இதற்குள் சின்னம்மா, அவருடைய மகன், மருமகள், அவர்களின் இரண்டு பிள்ளைகள், இன்னும் மணமாகாத மகள் என ஆறு பேர். சென்ற மழைக்காலத்தில் பின்சுவரில் மயிரிழையாக ஓடிய வெடிப்பு, இப்போது விரல் நுழையும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. தோட்டத்துக்குக் கீழே உள்ள சமநிலத்தில் தனி வீடுகள் கட்டப் போகிறார்கள், இடநெருக்கடியில் வாழும் குடும்பங்களுக்கு முதலிடம் என்று அறிவிப்பு வந்தபோது, படிவத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்தது. குடும்பத்தில் படித்தவன் நான். கண்டியில் இருக்கிறேன். விளைவுகளை எண்ணிப் பார்க்காமல் ஒரு தேநீர்கூட அருந்துவதில்லை என்ற நற்பெயரும் எனக்கு உண்டு.

படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நடுச்சுவரை இடித்து இரண்டு காம்பராக்களை ஒன்றாக்கிக்கொண்டவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அப்படி இடிக்கவில்லை என்பதை உறுதிப்படுத்த, உள்ளறை முழுவதும் ஒரே படத்தில் தெரியுமாறு ஒரு புகைப்படம் இணைக்கப்பட வேண்டும். இதை எழுதியவர் ஒரு காம்பராவுக்குள் நின்று அதை முழுதாகப் பார்க்க ஒருபோதும் முயன்றிருக்க மாட்டார். பின்னால் நகர நகரச் சுவர் வந்து முதுகில் முட்டும். அதற்கும் மேலே பின்வாங்கினால் அடுத்த குடும்பத்தின் கட்டிலில்தான் போய் உட்கார வேண்டியிருக்கும்.

பக்கத்துக் காம்பராக்காரர் இதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. கதவருகே நின்று கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்து, நாவலப்பிட்டியில் அச்சிட்டு, மறுநாளே கொடுத்துவிட்டார். அதில் ஒரு கட்டில் கால், கொடியில் தொங்கும் மூன்று சாரங்கள், ஒரு பிள்ளையின் பாதி முகம் ஆகியவை பதிவாகியிருந்தன. சின்னம்மாவின் மகளும், “நானும் போன்லயே எடுத்துருவேன் அண்ணே” என்றாள். நான் அவளைத் தடுத்தேன். கைத்தொலைபேசி நாம் காண்பதை எடுப்பதில்லை, தான் விரும்புவதைத் தீட்டிக் கொடுக்கிறது, ஓர் அதிகாரபூர்வ ஆவணத்துக்கு அது உகந்ததன்று என்று அவளுக்கு விளக்கினேன். வெளிநாடு சென்ற நண்பன் ஒருவன் என்னிடம் விட்டுச்சென்ற பிலிம் கமரா இருந்தது. பிலிம் பொய் சொல்லாது என்பது அந்நாட்களில் என் உறுதியான நிலைப்பாடு. கேட்பவர்கள் இல்லாவிட்டாலும் அதை அடிக்கடி சொல்வேன்.

அந்தக் கமராவுடன் வந்தது ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ். அதை வைத்துக் காம்பராவின் சுவரில் தொங்கும் கலண்டரை மிகச் சிறப்பாக எடுக்கலாம். காம்பராவை எடுக்க முடியாது. எண் குறையக் குறைய லென்ஸ் பார்க்கும் பரப்பு அகலும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது ஓர் அகலக் கோண லென்ஸ், அதுவும் என் சம்பளத்துக்கு எட்டக்கூடியது.

மூன்று வாரங்கள் ஆராய்ந்தேன். இரண்டு பக்கங்களுக்கு நீண்ட ஒரு அட்டவணை தயாரித்தேன். அதில் “பின்விளைவுகள்” என்று ஒரு தனி நிரல். புதிய லென்ஸ் வாங்கினால் நாட்டின் அந்நியச் செலாவணி வெளியேறும், ஆகவே கூடாது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவித்தால் ஒரு சிறு கண்ணாடிக்காக விமானம் புகை கக்கும். ஆகவே அதுவும் கூடாது. நிலையான கோணம் கொண்ட லென்ஸ் கூர்மையானது. ஆனால் அகலம் போதாவிட்டால் இன்னொன்று வாங்கத் தூண்டும், அது நுகர்வு வெறிக்கு வழிவகுக்கும். சூம் லென்ஸ் ஓரங்களில் சற்று மங்கலாகும். ஆனால் ஒன்றே பலவற்றின் வேலையைச் செய்வதால் அதில் ஒரு சிக்கனமும், சொல்லப்போனால் ஒருவிதச் சமத்துவமும் இருப்பதாக எனக்குத் தோன்றியது. இறுதியில், ஒரு காலத்தில் ஒரே வகையாகச் செய்து பல பெயர்களில் விற்கப்பட்ட, மதிப்பில்லாத காரணத்தால் மலிவாகிவிட்ட பத்தொன்பது முதல் முப்பத்தைந்து மில்லிமீற்றர் வரையான சூம் லென்ஸ் ஒன்றில் வந்து நின்றேன். அட்டவணையில் நான் ஆராயாதது ஒன்றே ஒன்றுதான். அந்த லென்ஸ் ஓர் அறையை என்ன செய்யும் என்பது அது.

அப்படிப்பட்ட ஒன்று அக்குறணையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் முக்கால் மணி நேரம் நெரிசலில் நின்ற பஸ்ஸில் போனேன். மின்விசிறியும் சோற்றுப் பானையும் விற்கும் கடை. பின்பக்கத்தில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த லென்ஸ்கள் ஈரம் பிடிக்காதபடி, பகலிலும் எரியும் ஒரு சிறிய பல்பின் சூட்டில் வரிசையாக அமர்ந்திருந்தன. எல்லாரும் நானா என்று அழைக்கும் கடைக்காரர் அவற்றில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

“வெளிச்சத்துக்குப் புடிச்சுப் பாருங்க தம்பி. பங்கஸ் ஒண்டும் இல்ல. வெள்ளம் வந்த நேரமும் இது மேல் தட்டுலதான் ஈந்த.”

எங்கள் மலைநாட்டு ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்வது சாதாரணம். அதனால் கைவிளக்கை அடித்து இருபுறமும் பார்த்தேன். உள்ளே வலை எதுவும் இல்லை. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இல்லை. கமராவில் பொருத்தியபோது ஒரு சிறிய சத்தத்துடன் சரியாக உட்கார்ந்தது.

“என்னத்த எடுக்கப் போற?” என்று கேட்டார் நானா.

“ஒரு வீட்டோட உள்பக்கம்.”

“விக்கவா?”

“இல்ல நானா.”

“அப்ப கெஸ்ட் ஹவுஸா?”

“லயத்துக் காம்பரா. ஒரு விண்ணப்பத்துக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “லயத்துக் காம்பராவா? இத எங்கிட்ட வாங்கினதெல்லாம் வீட்டுப் புரோக்கர்மாரும் கெஸ்ட் ஹவுஸ்காரங்களும்தான். போன மாசம் ஒருத்தர் இதேமாதிரி ஒண்டு கொண்டு போனார். கோழிக்கூடு மாதிரி ரூமு. படத்துல பாத்தா கலியாண ஹோல்! அப்பிடி நல்ல சாமான்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதரை இன்னொரு மனிதர் எச்சரிக்க முடியாது. ஆனால் நான் அதை வணிக உலகத்தின் ஒழுக்கக்கேடு பற்றிய ஒரு சான்றாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். ஏமாற்றுவோர் கையில் இருந்த ஒரு கருவி இனி நீதியின் பக்கம் வரப்போகிறது என்று உள்ளூர ஒரு சிலிர்ப்பும் ஏற்பட்டது. நானா விலை சொன்னார். சிறு வியாபாரியிடம் பேரம் பேசுவது அவருடைய உழைப்பை அவமதிப்பது என்ற கொள்கையின்படி உடனே சம்மதித்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

“கொஞ்சம் கொறச்சுக் கேளுங்களேன் தம்பி. இப்பிடி சும்மா வாங்கிட்டுப் போனா எனக்கு ஒரு மாதிரி ஈக்கி.”

நான் மறுத்தேன். கடைசியில் அவரே விலையைக் குறைத்து, துடைப்பதற்கு ஒரு துணியும் கொடுத்து, என்னைப் பற்றி ஏதோ கவலையுடன் அனுப்பிவைத்தார்.

அந்த ஞாயிறு நான் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, சின்னம்மாவின் அலுமாரி பக்கத்து இஸ்தோப்பில் நின்றது. கட்டில் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. தண்ணீர் பீப்பாய், அரிசிச் சாக்கு, பிள்ளைகளின் பள்ளிப் பைகள், கொடித் துணிகள் எல்லாம் மூன்று வீடுகளுக்குப் பங்கிடப்பட்டிருந்தன. அறைக்குள் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, பின்சுவரின் வெடிப்பையும் களிமண்ணால் பூசி மறைத்திருந்தார்கள். ஆறு பேரும் திருவிழாவுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வெளியே வரிசையாக நின்றார்கள்.

“என்னா சின்னம்மா இது?”

“போட்டோ புடிக்கிற வீட்ட அலங்கோலமாவா வச்சிருக்கிறது? ஆபீசுல நாலு பேரு பாப்பாங்கடா.”

“நீங்க யாரும் உள்ள நிக்கலியா?”

“வீட்டத்தானே கேட்டிருக்காங்க. எங்கள யாரு கேட்டா?”

இந்த இடத்தில் எவரேனும் ஒரு சாதாரண மனிதர் இருந்திருந்தால், சாமான்களை உள்ளே கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருப்பார். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் படங்கள் மனிதரின் மாண்பைப் பறிக்கின்றன என்று பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் நாற்பது நிமிடங்கள் பேசியவன் நான். எடுக்கப்படுவோர் எப்படித் தோன்ற விரும்புகிறார்களோ அப்படியே எடுப்பதுதான் அறம் என்பது அந்த உரையின் முடிவு. ஆகவே அறத்தின்படி, வெறுமையான, வெள்ளை அடித்த அறையின் மூலையில் குந்தி உட்கார்ந்து, லென்ஸைப் பத்தொன்பதுக்குத் திருப்பினேன்.

நான்கு மூலைகளும் ஒருசேர வந்து கண்ணில் விழுந்தன. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் சின்னம்மாவையும் அழைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடிக் கமராவுக்குள் பார்த்தார்.

“அடியாத்தி! இது யாரு வீடுடா?”

மகளும் எட்டிப் பார்த்தாள். “அம்மா, இதுல கிரிக்கெட் வெளயாடலாம் போல இருக்கே!”

“அகலமாத்தான் தெரியும் சின்னம்மா. அதுக்குத்தான் இந்த லென்ஸே” என்றேன்.

“என்னமோ, படிச்சவன் நீ சொல்றே.”

பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். கண்டியில் நான் பிலிம் கொடுக்கும் ஸ்டூடியோ, அதைக் கழுவ வாரத்துக்கு ஒருமுறைதான் கொழும்புக்கு அனுப்பும். காத்திருந்து வாங்கினேன். நேர்த்தியான படம். ஓரங்கள்கூட எதிர்பார்த்த அளவுக்கு மங்கவில்லை. அதனுடன், கேட்கப்படாமலேயே, அரைப் பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பையும் எழுதி இணைத்தேன். இப்படம் பிலிமில் எடுக்கப்பட்டது, இதில் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை, இது உள்ளதை உள்ளவாறே காட்டுகிறது, தேவைப்படின் நெகட்டிவ் பரிசீலனைக்குச் சமர்ப்பிக்கப்படும்.

மூன்று வாரங்களில் முதற்பட்டியல் ஒட்டப்பட்டது. கட்டில் காலும் மூன்று சாரங்களும் அதில் இடம்பெற்றிருந்தன. சின்னம்மாவின் பெயர் இல்லை.

ஒரு புதன்கிழமை, சின்னம்மா அன்றைய வேலையை விட்டுவிட்டு என்னுடன் காரியாலயத்துக்கு வந்தார். விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்களைக் கதிரைகளில் அமரச் செய்துவிட்டுக் கோப்பைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“ஓம், ஓம். இந்தப் படம் எனக்கு நல்ல ஞாபகம். நடுச்சுவரை இடிச்சிருக்கிறியள்.”

“இடிக்கல்லீங்க ஐயா” என்றார் சின்னம்மா.

“அம்மா, நான் கீழை பஜாரிலை வாடகைக்கு இருக்கிற அறை இதிலை பாதியும் வராது. உண்மையைச் சொன்னா, இதைப் பாத்த அண்டைக்கு எனக்கே உங்கடை வீட்டிலை வந்து குடியிருக்கலாம் போல இருந்தது.”

நான் அகலக் கோணம் என்பது என்ன, அண்மையிலுள்ளது எப்படி விரிகிறது, தூரத்திலுள்ள சுவர் எப்படி இன்னும் தூரமாகிறது என்பவற்றை இயன்றவரை எளிமையாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப படம் பொய் எண்டு சொல்லுறியளோ?”

“பொய் இல்ல சேர். ஆனா…”

“இந்தக் குறிப்பு ஆர் எழுதினது?” அவர் என் அரைப் பக்கத்தை எடுத்து, ‘உள்ளதை உள்ளவாறே காட்டுகிறது’ என்ற வரியை வாய்விட்டு வாசித்தார். “நல்ல தமிழ். இப்ப இதே கையாலை படம் பிழை எண்டும் எழுதித் தந்தா, இரண்டையும் ஒண்டாக் கோப்பிலை போடலாம். ஆனா பொய்ப் படம் தந்தவையின்ரை விண்ணப்பம் தானா இரத்தாகும், பாருங்கோ.”

“ஐயா, ஒரு எட்டு மேல வந்து நேராவே பாத்துட்டுப் போயிருங்களேன்” என்றார் சின்னம்மா.

“எல்லா லயத்துக்கும் ஏறி இறங்க வாகனம் வேணும் அம்மா. வாகனத்துக்கு டீசல் வேணும். அது இல்லாதபடியாத்தானே படம் கேக்கிறம்.” பிறகு சற்றுக் குரலைத் தணித்துக்கொண்டார். “வேறை படம் கொண்டுவாங்கோ. வெள்ளிக்கிழமை வரைக்கும் கோப்பை என்ரை மேசையிலை வச்சிருக்கிறன். பிறகு மேலை போயிடும். போனா என்னாலை ஒண்டும் செய்யேலாது.”

காரியாலயப் படிகளில் இறங்கியதும் சின்னம்மா தொடங்கினார்.

“ஏன்டா, பக்கத்து வீட்டுக்காரன் கட்டிலுக் கால எடுத்தான், அவனுக்கு வீடு. நீ எனக்கு அரமண கட்டிக் குடுத்துட்டே. இப்ப நான் அந்த அரமணயிலயே கெடந்து சாகவா?”

“எண்பத்தஞ்சு மில்லிமீற்றர்ல ஒரு லென்ஸ் இருக்கு சின்னம்மா. அது எல்லாத்தையும் நெருக்கமாக் காட்டும். நான் இப்பவே அக்குறணைக்குப் போனா…”

“அந்தக் கண்ணாடிக் கடப் பக்கம் போனே, கால ஒடச்சுப்புடுவேன்.”

அடுத்ததாக எனக்கு இன்னொரு யோசனை தோன்றியது. அதையும் சொன்னேன். ஆறு பேரும் படுத்து உறங்குவதுபோல் ஒரு படம் எடுத்தால் நெருக்கடி தெளிவாகத் தெரியும் என்றேன். சின்னம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

“ஆம்பளயும் பொம்பளயும் படுத்துக் கெடக்கிறத ஆபீசுல மேசயில பரப்பி வச்சுப் பாக்கவா? என் மருமவ நாளைக்கு இந்த டவுன்ல நடக்க வேணாமா? நீ என்னாத்தடா படிச்சே அங்க?”

மாண்பு பற்றி நாற்பது நிமிடங்கள் பேசியதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏறி, பாதி வழி போன பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். “கமராவுல பிலிம் இருக்கா?” என் பையில் கமராவும், அதில் புதிய பிலிமும் இருந்தன. “அப்ப வா. ஆளு வேணாம். பாயப் போட்டு எடு.”

வீட்டில், முதல் படம் எடுத்த அன்றே எல்லாம் இருந்த இடத்துக்குத் திரும்பியிருந்தன. அலுமாரி, கட்டில், பீப்பாய், சாக்கு, பைகள், கொடி. மகன் பின்சுவரில் பூசியிருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்தார். நல்ல பகல் வெளிச்சத்தில், இரவில் விரிக்கும் வரிசையிலேயே சின்னம்மா ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்கினார். கட்டிலின் மேல் பிள்ளைகளுக்கு இரண்டு தலையணைகள். மகளின் பாய் பாதி கட்டிலுக்கு அடியில் போனது. கொடியில் தொங்கவிட்ட சேலைக்கு அப்பால், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு பாய். அதன் ஓரம் சுவரில் ஏறி வளைந்து நின்றது. கடைசியாகத் தம்முடையதை விரித்தார். அது தலைப்பக்கம் உள்ளேயும், கால்பக்கம் வாசற்படியைத் தாண்டி இஸ்தோப்பிலும் கிடந்தது.

சிறுவயதிலிருந்து அந்த வீட்டுக்கு வந்துபோகிறேன். எப்போதும் கடைசி பஸ்ஸுக்கு முன் புறப்பட்டுவிடுவேன். அந்தப் பாயை நான் பார்த்ததே இல்லை.

“மழ பேஞ்சா என்னா செய்வீங்க சின்னம்மா?”

“மடக்கி வச்சிட்டு உக்காந்திருப்பேன். இப்ப அதுவும் நல்லதுதான். அந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டிருக்க ஒரு ஆளு வேணுமில்ல?”

நான் இஸ்தோப்பில் அந்தப் பாயின் ஓரத்தில் குந்தி, வாசல் வழியே, பத்தொன்பதிலேயே வைத்து எடுத்தேன். லென்ஸ் தன் வழக்கப்படி சுவர்களைத் தூரத் தள்ளத்தான் பார்த்தது. ஆனால் பாய்களுக்கு இடையில் தள்ளுவதற்கு ஒரு விரற்கடை நிலம்கூட இருக்கவில்லை. இரண்டாவது படத்துக்கு நான் தயாராகும்போது, சின்னம்மாவின் மகள் பின்னாலிருந்து தோளைத் தட்டினாள்.

“அண்ணே, ஒரு நிமிசம் தள்ளுங்க.”

கைத்தொலைபேசியை நீட்டினாள். தொட்டாள். முடிந்தது. திரையைப் பார்த்தேன். நான்கு மூலைகளும், எல்லாப் பாய்களும், வெடிப்பும் அதில் இருந்தன.

“இதுலயே அகலமா எடுக்கிறதுக்கு ஒரு பட்டன் இருக்கு. அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் போன் பொய் சொல்லும்னீங்க.”

என் பிலிம் கொழும்பு போய்த் திரும்பி வர அடுத்த வாரம் ஆகும். கோப்பு மேசையில் இருப்பது வெள்ளிக்கிழமை வரை. ஆகவே நீதியின் பக்கம் சென்று சேர்ந்தது, நாவலப்பிட்டிக் கடையொன்றில் ஐந்து நிமிடத்தில் அச்சான கைத்தொலைபேசிப் படம்தான். உத்தியோகத்தர் பென்சில் முனையால் தலையணைகளையும் பாய்களையும் எண்ணினார். வாசற்படிக்கு வந்ததும் பென்சில் நின்றது.

“இது ஆற்றை?”

“என்னோடதுங்க ஐயா.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பழைய படத்தையும் என் அரைப் பக்கக் குறிப்பையும் கோப்பிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். “இது இனித் தேவைப்படாது தம்பி” என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டார்.

இரண்டாம் பட்டியலில் சின்னம்மாவின் பெயர் இருந்தது. சமநிலத்தில் இப்போது முளை அடித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அடுத்த மழைக்குள் சுவர் எழும் என்கிறார்கள். பின்சுவரும் அதுவரை தாங்கும் என்றே எல்லாரும் நம்புகிறோம். என் பிலிம் படமும் உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. பாயின் கோரைகளைக்கூட எண்ணலாம், அவ்வளவு கூர்மை. அதைக் கேட்க ஒருவரும் இல்லை.

சின்னம்மா கேட்டு வாங்கிக்கொண்டது பழைய படத்தை. வெறுமையாக, வெண்மையாக, விசாலமாகக் கிடக்கும் அந்த அறையைச் சட்டம் போட்டு, கலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். தரையில் நின்று பார்க்க இடமில்லாததால், வருகிறவர்கள் கட்டிலின்மேல் முழந்தாளிட்டு ஏறித்தான் அதைப் பார்க்கிறார்கள். போன வாரம் மருமகளின் அக்கா அப்படி ஏறிப் பார்த்து, யாருடைய வீடு என்று கேட்டார்.

“நம்ம வீடுதான்” என்றார் சின்னம்மா, அரிசியில் கல் பொறுக்கியபடியே. “ஆபீசு ஐயாவே குடிவரக் கேட்டாரு. இடம் பத்தாதுன்னுட்டேன்.”